ரெண்டு லட்சத்துக்குள்ள கேம் மெசின்: ஐ7 எண்டு சொல்லித் தாறதை வாங்கலாமோ?

அரியாலை · 11 தை 2026, இரவு 9.10

ரவுணில ஒரு கடையில பாவிச்ச ஒபிஸ் மெசின் ஒண்டு கிடக்கு. ஐ7, 16 ஜிபி றாம், 4 ஜிபி கிராபிக்ஸ் காட். புதுக் கேம் எல்லாம் ஓடும் எண்டினம். கிட்டப் பாத்தால் சிபியு ஐ7-3770, காட் ஜிடி 730, கேசிங் சின்னது. மொனிற்றர் என்னட்ட இருக்கு, 1080பி, 60 ஹேர்ட்ஸ். கையில ரெண்டு லட்சம். 2023க்குப் பிறகு வந்த பெரிய கேமுகள் நடுத்தர செற்றிங்கில செக்கனுக்கு 60 பிரேமில ஓடினால் காணும். இதை வாங்கலாமோ?

கொக்குவில் · 11 தை, இரவு 9.55

வாங்காதேங்கோ தம்பி.

ஐ7 எண்டது வகுப்பின்ர பேர், வேகத்தின்ர அளவில்லை. பாக்க வேண்டியது அதுக்குப் பின்னால வாற இலக்கம். 3770 எண்டால் மூண்டாம் தலைமுறை, 2012 இல வந்தது. 4 கோர் (கணக்குப் போடுற மூளை), 8 திரெட் (ஒரே நேரத்தில ஓடுற வேலை). ஐ3-12100எஃப்க்கும் அதே 4 கோர், 8 திரெட்தான், ஆனால் அதின்ர ஒவ்வொரு கோரும் 3770 இன்ர கோரைவிட ஒண்டரை மடங்குக்கு மேல வேகம். அதோட 3770 இல ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை, அது நாலாம் தலைமுறையிலதான் வந்தது. அதைக் கேக்கிற கேம் திறக்கேக்கயே நிண்டிடும். செற்றிங்கைக் குறைச்சும் பிரயோசனம் இல்லை.

காட் அதைவிட மோசம். "4 ஜிபி" எண்டது மெமரி எவ்வளவு கொள்ளும் எண்டதைத்தான் சொல்லுது. அந்த மெமரியில இருந்து எவ்வளவு வேகமாய் எடுக்கலாம் எண்டதுதான் கேமுக்கு வேணும். டிடிஆர்3 எண்ட பழைய வகை மெமரி போட்ட, 64 பிற் அகலப் பாதை உள்ள ஜிடி 730 ஒரு செக்கனுக்கு 14.4 ஜிபி எடுக்கும். ஆர்எக்ஸ் 6600 எடுக்கிறது 224 ஜிபி. பெரிய தாங்கிக்குச் சின்னக் குழாய் பூட்டின மாதிரி. ஜிடி 730 மொனிற்றருக்குப் படம் குடுக்க நல்ல காட், கேமுக்கு இல்லை.

மானிப்பாய் · 11 தை, இரவு 10.20

விண்டோசையும் சேத்து யோசியுங்கோ. விண்டோஸ் 10 க்கு வழமையான பாதுகாப்பு அப்டேற் 2025 ஐப்பசி (ஒக்ரோபர்) 14 ஓட நிண்டிட்டுது. விண்டோஸ் 11 இன்டெலில எட்டாம் தலைமுறையில இருந்துதான், ரைசனில 2000 வரிசையில இருந்துதான். அதோட டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பையும் கேக்கும். ஒன்லைன் சண்டைக் கேமுகளில இப்ப செக்யூர் பூட் (மெசின் எழும்பேக்கயே மென்பொருளைச் சரிபாக்கிற பூட்டு) இல்லாட்டி உள்ளுக்கு விடாததுகளும் வந்திட்டுது, பேட்டில்ஃபீல்ட் 6 அப்பிடி. குறுக்குவழியால விண்டோஸ் 11 ஏத்தினாலும் அந்தக் கதவு திறக்காது.

அரியாலை · 12 தை, காலை 7.30

அந்த ஜிடி 730 ஐக் கழட்டிப்போட்டு நல்ல காட் ஒண்டு போட்டால் என்ன? மெசின் மலிவாய்த்தான் தருவினம்.

கொக்குவில் · 12 தை, மதியம் 12.15

மூண்டு இடத்தில இடிக்கும்.

முதல், பவர் சப்ளை. ஒபிஸ் மெசினில 240 அல்லது 290 வொட்தான் இருக்கும், காட்டுக்குப் போற 6 பின், 8 பின் வயரே இராது. பெரிய கம்பெனி மெசின் கனக்க மதர்போட்டுக்குப் போற இணைப்பையே தங்கட முறையில வைச்சிருக்கும். கடையில வாங்கிற சாதாரண ஏரிஎக்ஸ் பவர் சப்ளை அதில நேரே பூட்ட ஏலாது.

ரெண்டாவது, உயரம். சின்னக் கேசிங்குக்கு லோ புரொஃபைல் எண்ட உயரம் குறைஞ்ச காட் மட்டும்தான் போகும்.

மூண்டாவது, டிஸ்க்குக்குக் கரண்ட் குடுக்கிற சாட்டா வயரில இருந்து 6 பின்னுக்கு மாத்திற வயர். கடையில கேட்டால் எடுத்துத் தருவினம், வாங்காதேங்கோ. சாட்டா இணைப்பு 12 வோல்ற்றில 4.5 அம்பியர், அதாவது 54 வொட்தான் தாங்கும். 6 பின் 75 வொட் வரைக்கும் இழுக்கலாம். பிளாஸ்ரிக் உருகிறது அதாலதான்.

பழைய மெசினைக் கட்டாயம் வைச்சிருக்கத்தான் வேணுமெண்டால் வழி ஒண்டு இருக்கு: ஆர்டிஎக்ஸ் 3050 இன்ர 6 ஜிபி வகை. 70 வொட், சிலொட்டில இருந்தே எடுக்கும், வேற வயர் வேண்டாம், லோ புரொஃபைலிலயும் வருது. ஆனால் அது ஏற்கெனவே மெசின் வீட்டில இருக்கிற ஆளுக்கு, அதுவும் எட்டாம் தலைமுறைக்கு மேல இருந்தால். காசைக் கையில வைச்சிருக்கிற நீங்கள் அந்த வழியால போக வேண்டாம்.

பருத்தித்துறை · 12 தை, இரவு 8.05

பாவிச்ச ஆர்எக்ஸ் 580 8 ஜிபி வாங்குங்கோ. விலையும் குறைவு, 256 பிற். மிச்சக் காசுக்கு நல்ல சிபியு போடலாம்.

மானிப்பாய் · 12 தை, இரவு 8.40

580 க்கு நான் சம்மதிக்க மாட்டன். 2017 காட். 185 வொட் இழுக்கும், அதைவிட நல்லாய் ஓடுற 6600 க்கு 132 வொட் காணும். 580 சேர்ந்த பொலாரிஸ் குடும்பக் காட்டுகளுக்கு ஏஎம்டி 2023 கடைசியிலயே டிரைவரைப் பிரிச்சு வைச்சிட்டுது. ரே டிரேசிங்குக்கு (வெளிச்சம் போற பாதையைக் கணக்குப் போட்டு வரையிறது) உள்ளுக்க ஒண்டும் இல்லை. 2024 மார்கழியில வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025 இல வந்த டூம்: த டார்க் ஏஜசும் அது இல்லாத காட்டில ஓடாது. ரெண்டுக்கும் ஆகக் குறைஞ்சது 6600 எண்டுதான் போட்டிருக்கினம். தம்பி கேட்டது 2023க்குப் பிறகு வந்த கேம்.

இன்னொண்டு. "580 2048எஸ்பி" எண்டு ஒரு வகை இருக்கு. பேர் 580, உள்ளுக்க இருக்கிறது 570. உண்மையான 580 இல படம் வரையிற சின்னக் கூறுகள், அதாவது ஷேடர், 2304.

பருத்தித்துறை · 13 தை, காலை 6.50

டிரைவர் கதை சரி, நான் மாத்திச் சொல்லுறன். பழைய கேமுக்கும் இ-ஸ்போர்ட்சுக்கும் 580 காணும், இந்தக் கேள்விக்கு இல்லை. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரும் அதே காரணத்தால தள்ளுபடி, அதிலயும் ரே டிரேசிங் இல்லை, மெமரியும் 6 ஜிபிதான்.

அப்ப பாவிச்சதில மிஞ்சிறது ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060. 3060 வாங்கேக்க 12 ஜிபி தானோ எண்டு பெட்டியில இல்லை, காட்டில பாருங்கோ. 8 ஜிபியிலயும் ஒரு 3060 வந்தது. அது மெமரி மட்டும் குறைஞ்சதில்லை, பாதையும் 192 பிற்றில இருந்து 128 பிற்றாய் இறங்கி, செக்கனுக்கு 360 ஜிபி எண்டது 240 ஆகுது. பேர் ஒண்டு, காட் வேற.

கொக்குவில் · 13 தை, இரவு 9.30

இப்ப காசைப் பிரிப்பம். நூறு ரூபாயில நாற்பது, நாற்பத்தைஞ்சு காட்டுக்கு. சிபியுவும் மதர்போட்டும் சேத்து முப்பது. மிச்சம் றாம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேசிங். கேசிங் வெளிச்சத்துக்கு ஒரு சதமும் வேண்டாம்.

காட்: பாவிச்ச 3060 12 ஜிபி நல்ல நிலையில கிடைச்சால் அது, இல்லாட்டிப் புது ஆர்எக்ஸ் 6600. நடுத்தர செற்றிங், 1080பி எண்டால் ரெண்டும் காணும். 12 ஜிபி ஏன் எண்டால், காட் மெமரி நிரம்பினால் கேம் மிச்சத்தை றாமில கொண்டுபோய் வைக்கும். அப்ப சராசரி பிரேம் 60 எண்டு காட்டும், ஆனால் திரும்பேக்க, கதவு திறக்கேக்க இழுபடும். 60 பிரேமுக்கு ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிசெக்கன்தான் இருக்கு, ஒண்டு 60 மில்லிசெக்கன் எடுத்தாலே கண்ணில அடிக்கும். 8 ஜிபி காட் வாங்கினால் ரெக்ஸ்சர் செற்றிங்கை மட்டும் ஒரு படி இறக்குங்கோ, மற்றதெல்லாம் அப்பிடியே விடலாம்.

சிபியு: ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600. ரெண்டும் 6 கோர், 12 திரெட். "எஃப்" எண்டால் உள்ளுக்க கிராபிக்ஸ் இல்லை. மொனிற்றர் வயரை மதர்போட்டில குத்தினால் கறுப்புத் திரைதான் வரும், காட்டிலதான் குத்த வேணும். "புது மெசின் வேலை செய்யுதில்லை" எண்டு திருப்பிக் கொண்டு வாறதில இதுவும் ஒண்டு.

வேலணை · 13 தை, இரவு 9.50

5600 க்குப் பதிலாய் 5500 போட்டால் காசு மிச்சம். ரெண்டும் ஒண்டுதானே.

மானிப்பாய் · 13 தை, இரவு 10.15

ஒண்டில்லை. 5500 இல எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளயே இருக்கிற வேக மெமரி) 16 எம்பி, 5600 இல 32. கேம் கேஷைத்தான் தின்னும். அதோட 5500 காட்டுக்குப் போற பாதையில, அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸில, பழைய 3.0 உடன நிக்கும். 6600 அந்தப் பாதையில எட்டு லேன் (தடம்) மட்டும் பாவிக்கிற காட். 3.0 இல போட்டால் சாதாரணமாய்ப் பெரிய இழப்பில்லை, ஆனால் 8 ஜிபி நிரம்பி றாமுக்குப் போய்வரத் தொடங்கினால் அந்தப் பாதி அகலம் உறைக்கும். 5500 உடன் 3060 போடுங்கோ, அது 16 லேன். 5600ஜி க்கும் 16 எம்பி கேஷ், 3.0 தான். காட் போடப் போறவருக்கு "ஜி" தேவையில்லை.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்ரி, 6400 ரெண்டும் நாலு லேன், 4 ஜிபி. பழைய போட்டில அதைப் போடவே வேண்டாம்.

அரியாலை · 14 தை, இரவு 8.20

பழைய பி450 போட் ஒண்டு மலிவாய் வருது. 5600 போகுமோ?

மானிப்பாய் · 14 தை, இரவு 9.05

போகும், பயோஸ் (போட்டை எழுப்பிற உள் மென்பொருள்) புதுசெண்டால். இல்லாட்டி ஃபான் சுத்தும், படம் வராது. வாங்கிறதுக்கு முதல் விக்கிறவரிட்ட பயோஸ் பதிப்பைக் கேளுங்கோ, போட் செய்த கம்பெனியின்ர பக்கத்தில அந்தப் போட்டின்ர பேரைத் தேடி, 5600 க்கு எந்தப் பதிப்பு வேணும் எண்டு பாருங்கோ. பழசெண்டால் அவரின்ர பழைய சிபியு பூட்டியிருக்கேக்கயே அப்டேற் பண்ணுவிச்சு எடுங்கோ. பண்ணேக்க யூபிஎஸ்ஸில வைச்சுத்தான் பண்ண வேணும், நடுவில கரண்ட் போனால் போட் போச்சு.

5600 மாதிரி ஏஎம்4 சொக்கெற்றுக்குப் போற பாவிச்ச சிபியு எண்டால் பின் அதில இருக்கு, போட்டில இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு வரிசை வரிசையாய்ப் பாருங்கோ, ஒரு பின் வளைஞ்சிருந்தாலும் தெரியும். கூலர் கழட்டேக்க மெசினைப் பத்து நிமிசம் ஓடவிட்டு, நிப்பாட்டி, பிளக்கைக் கழட்டி, நடுவில பூசின சூடு கடத்திற பேஸ்ற் இளகியிருக்கேக்க இடம் வலம் திருப்பித் திருப்பி எடுங்கோ. நேரே இழுத்தால் சிபியு சொக்கெற்றோட பிடுங்குப்பட்டு வரும்.

சுன்னாகம் · 15 தை, காலை 10.40

எல்லாரும் காட்டைப் பற்றிக் கதைக்கிறியள். பவர் சப்ளை?

கேசிங்கோட சேத்துத் தாற "500 வொட்" பெட்டியை எடுத்துப் பக்கத்து லேபிளை வாசியுங்கோ. 12 வோல்ற் வரியில எத்தனை அம்பியர்? 18 எண்டு போட்டிருந்தால் 12 × 18 = 216 வொட். சிபியுவும் காட்டும் சாப்பிடுறது அந்த 12 வோல்ற்றிலதான். 3.3, 5 வோல்ற்றுகளில போட்டுக் கூட்டின கணக்கு உங்களுக்கு உதவாது. நல்ல 500 வொட் எண்டால் 12 வோல்ற்றில மட்டும் 38, 40 அம்பியர் இருக்கும்.

உங்கட கணக்கு: 12400எஃப் ஆகக்கூட 117, 3060 170, மிச்சமெல்லாத்துக்கும் 50. மொத்தம் 337. காட் கண்ணிமைக்கிற நேரத்துக்கு அதைவிடத் துள்ளும். நல்ல 550 வொட் காணும், 6600 எண்டால் நல்ல 450 உம் காணும். "750 வேணும்" எண்டு பயப்பிடுத்தினால் கேக்காதேங்கோ, அந்தக் காசைக் காட்டில போடுங்கோ.

பாவிச்ச பவர் சப்ளை வாங்காதேங்கோ. உள்ளுக்க கப்பாசிற்றர் வீங்கியிருக்கோ எண்டு வெளியால தெரியாது. தானும் போய் மற்றதையும் கொண்டுபோற சாமான் இது.

வேலணை · 15 தை, மதியம் 1.10

கனடாவில இருந்து மாமா வாறார், பவர் சப்ளையும் காட்டும் அங்கயே வாங்கிக்கொண்டு வரச் சொல்லலாமோ?

சுன்னாகம் · 15 தை, மாலை 6.00

காட்டைக் கொண்டுவரலாம். அது 12 வோல்ற்றிலதான் ஓடுது, கனடா எண்டாலும் காரைநகர் எண்டாலும் ஒண்டுதான். பெட்டியை விட்டிட்டு, நிலைமின்னைத் தடுக்கிற அன்ரிஸ்ரற்றிக் பையில போட்டுக் கைப்பையில கொண்டுவரட்டும். கம்பெனி வாரன்டி இஞ்ச செல்லுமோ எண்டு வாங்கிறதுக்கு முதலே கேக்க வேணும்.

பவர் சப்ளையைக் கொண்டுவாறதெண்டால் லேபிளில 100-240 எண்டு இருக்கோ பாருங்கோ. அப்பிடியெண்டால் வயரை மட்டும் மாத்தினால் சரி. 115, 230 எண்டு பின்பக்கம் சிவப்பு சுவிச் இருந்தால், பிளக் குத்திறதுக்கு முதல் 230 க்குத் தள்ள வேணும். 115 இல விட்டிட்டு எங்கட 230 வோல்ற்றைக் குடுத்தால் டப் எண்டு வெடிக்கும், புகை வரும், பிறகு ஒண்டும் செய்யேலாது. 115 மட்டும் எண்டு எழுதியிருந்தால் கொண்டுவரவே வேண்டாம்.

அரியாலை · 16 தை, இரவு 9.00

இன்னொரு சந்தேகம் அண்ணை. வீட்டில இப்ப இருக்கிற மெசின்ர கேசிங்கைத் தொட்டால் சுள்ளெண்டுது. புதுசிலயும் அப்பிடி வருமோ?

சுன்னாகம் · 16 தை, இரவு 9.25

ஏர்த் இல்லை. மூண்டு பின் வயரை ரெண்டு பின் அடப்ரரில குத்தியிருப்பியள், இல்லாட்டி சொக்கெற்றில ஏர்த் வயர் கொழுவேல்ல. பவர் சப்ளையில இரைச்சலை வடிகட்டுற சின்னக் கப்பாசிற்றர்கள் லைனுக்கும் நியூற்றலுக்கும் நடுவில நிண்டு கேசிங்கோட தொடுப்பாய் இருக்கும். ஏர்த் இல்லாட்டி கேசிங் பாதி வோல்ற்றில, கிட்டத்தட்ட 115 இல மிதக்கும். ஓடுற மின்னோட்டம் மிகச் சின்னது, அதாலதான் சுள்ளெண்டதோட நிக்குது. ஆனால் காட் பூட்டேக்க, எச்டிஎம்ஐ குத்தேக்க அந்தச் சுள் போட்டுக்குள்ளால போகும், போர்ட் சாகும். புது மெசின் வாறதுக்கு முதல் வயர்மனைக் கூப்பிட்டு அந்தச் சொக்கெற்றின்ர ஏர்த்தை சோதிப்பியுங்கோ. 13 அம்பியர் மூண்டு பின் பிளக்கை மாத்தாதேங்கோ.

சித்திரையிலயும் ஐப்பசியிலயும் இடி முழங்கேக்க சுவிச்சை நிப்பாட்டினால் காணாது, பிளக்கைக் கழட்டுங்கோ. றவுட்டரில இருந்து வாற நெற்வேர்க் வயரையும் கழட்டுங்கோ. மின்னல் அதாலயும் வரும்.

பருத்தித்துறை · 18 தை, மாலை 5.15

பாவிச்ச காட் பாக்கப் போற தம்பிக்கு. கொழும்பு யுனிட்டி பிளாசா எண்டாலும் ரவுண் எண்டாலும் விக்கிறவரின்ர வீடு எண்டாலும், ஓடவிட்டுக் காட்டாத காட்டை வாங்காதேங்கோ. யூஎஸ்பியில காட்டின்ர விபரம் காட்டுற ஜிபியு-இசட், காட்டை முழு வேகத்தில ஓட்டிச் சோதிக்கிற ஃபர்மார்க் ரெண்டையும் கொண்டுபோங்கோ.

முதல் காட்டைக் கையில எடுத்துப் பாருங்கோ. ஸ்குரூத் தலையில கீறல் இருந்தால் கழட்டியிருக்கினம். கழட்டினது பிழையில்லை, பேஸ்ற் மாத்தியிருக்கலாம். ஆனால் ஏன் எண்டு கேளுங்கோ. தங்கப் பல்லு வரிசையில கறுப்பு, 8 பின் இணைப்பில மஞ்சள் ஏறின பிளாஸ்ரிக், வீடியோ துவாரத்தில பச்சை பூத்த களிம்பு, இதில ஒண்டு இருந்தாலும் விடுங்கோ. எங்கட பக்கம் கடற்காத்து, களிம்பு கெதியாய்ப் பிடிக்கும்.

பிறகு ஜிபியு-இசட்டைத் திறந்து 3060 எண்டால் ஷேடர் 3584, பஸ் 192 பிற், மெமரி 12288 எம்பி. பேருக்கு முன்னால ஃபேக் எண்டு வந்தால் பயோஸ் மாத்தின பழைய காட், எழும்பி வாங்கோ.

அடுத்தது ஃபர்மார்க் 15 நிமிசம். வெப்பம் ஏறி ஒரு இடத்தில நிக்க வேணும். 83 பாகையைத் தொட்டு வேகம் இறங்கத் தொடங்கினால் பேஸ்ற் அல்லது ஃபான். திரையில புள்ளி, கோடு, நிறச் சதுரம் ஒண்டு கண்டாலும் மெமரி போகுது. கடைசிப் படியைத்தான் கன பேர் விடுறது: சூட்டோட நிப்பாட்டி, பத்து நிமிசம் ஆறவிட்டு, திரும்பப் போடுங்கோ. சிப்பைச் சூடாக்கி ஒட்டித் திருத்தின காட் ஓடிக்கொண்டிருக்கேக்க நல்லாய் இருக்கும், ஆறினாப் பிறகு எழும்பாது. எல்லா வீடியோ துவாரத்திலயும் வயரை மாத்தி மாத்திக் குத்திப் பாருங்கோ.

மைனிங் ஓடின காட் எண்டு மட்டும் பயப்பிட வேண்டாம். தேயிறது முதல் ஃபான்தான், மெமரியில ஒட்டின சூடு கடத்திற பட்டையும் காயும். ரெண்டையும் மாத்தலாம். மேல சொன்ன சோதினையில பாஸ் பண்ணினால் எடுக்கலாம்.

கொக்குவில் · 18 தை, இரவு 9.10

ஃபர்மார்க்கோட ஒண்டு சேக்கிறன். அது சிப்பைத்தான் வறுக்கும், மெமரியைக் குறைவாய்த்தான் சோதிக்கும். ஓசிசிரி எண்ட மென்பொருளில காட் மெமரிச் சோதினை தனியாய் இருக்கு, அதையும் ஒருக்கால் ஓடவிடுங்கோ. பிழை சைவராய் இருக்க வேணும், ஒண்டு எண்டாலும் எடுக்க வேண்டாம்.

கொழும்பில இருந்து கட்டின மெசினை பஸ்ஸில போடுறதெண்டால் காட்டைக் கழட்டித் தனியாய்க் கொண்டுவாங்கோ. ஏ9 முழுக்கக் காட் தொங்கிக்கொண்டு ஆடினால் சிலொட் வெடிக்கும். ஏசி பஸ்ஸால இறக்கின உடன போடாதேங்கோ, குளிர்ந்த உலோகத்தில ஈரம் பூக்கும், ஒரு மணித்தியாலம் விடுங்கோ.

அரியாலை · 25 தை, இரவு 8.45

றாம் விலை கேட்டன், தலை சுத்துது. 16 ஜிபி ஒரு குச்சி இப்ப வாங்கி, இன்னொண்டை விலை இறங்கினாப் பிறகு வாங்கலாமோ?

மானிப்பாய் · 25 தை, இரவு 9.30

2025 கடைசியில இருந்து ஏறினது. மெமரி செய்யிற கம்பெனிகள் ஏஐ சேவருக்குப் போற வகைக்குத் திரும்பிட்டினம், எங்கட பக்கம் வாறது குறைஞ்சுபோச்சு. எப்ப இறங்கும் எண்டு காத்திருந்து மெசின் கட்ட ஏலாது.

8 ஜிபி ரெண்டு குச்சி போடுங்கோ. ஒரு குச்சி எண்டால் ஒரு சானல், சிபியுவுக்குப் போற பாதை பாதி. சராசரி பிரேம் அவ்வளவு விழாட்டிலும் சனம் நிறைஞ்ச இடங்களில அடிமட்ட பிரேம் விழும். டிடிஆர்5 போட் பக்கம் போகாதேங்கோ, 12400எஃப்க்கு டிடிஆர்4 எச்610 போட் காணும். ஒபிஸ் மெசினில கழட்டின டிடிஆர்4 கிடைச்சால் எடுக்கலாம், மெம்ரெஸ்ற்86 எண்ட றாம் சோதினையை நாலு சுற்று ஓடவிட்டு. டிடிஆர்3 போகாது, வெட்டுக்குழி வேற இடத்தில. லப்ரொப் குச்சியும் போகாது.

கொக்குவில் · 26 தை, காலை 8.00

மானிப்பாய் அக்கா சொன்னதில பாதிக்கு எனக்கு இப்ப மனம் மாறுது. எச்610 இல றாம் குழி ரெண்டுதான். 8 ரெண்டு போட்டால் பிறகு 32 ஆக்கேக்க ரெண்டையும் கழட்டி விக்க வேணும். நாலு குழிப் போட் எடுத்தால் அந்தக் கவலை இல்லை, ஆனால் போட் விலை கூட. யோசிச்சுப் பாத்தால், இந்தக் காசுக்கு 8 ரெண்டோட போங்கோ எண்டுதான் நானும் சொல்லுவன். நடுத்தர செற்றிங்குக்கு 16 காணும், பிரவுசரை மூடிப்போட்டு விளையாடினால்.

வேலணை · 26 தை, இரவு 7.40

லப்ரொப் வாங்கினால் இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லையே?

மானிப்பாய் · 26 தை, இரவு 8.10

கம்பஸ்ஸுக்குக் கொண்டு திரியிறவருக்குச் சரி. மற்றப்படி, லப்ரொப் 4050 க்கு 6 ஜிபிதான், ஒரே பேரில 35 வொட்டிலயும் இருக்கு, 100 க்கு மேலயும் இருக்கு. எத்தனை வொட் எண்டு எழுதாத லப்ரொப் வாங்காதேங்கோ. பங்குனி, சித்திரை வெக்கையில தகரக் கூரைக்குக் கீழ அந்தச் சின்ன ஃபான் படுற பாடு பெரிசு. காட் பிழைச்சால் டெஸ்க்ரொப்பில காட்டை மாத்தலாம், லப்ரொப்பில போட்டோட மாத்த வேணும்.

சுன்னாகம் · 2 மாசி, மாலை 6.30

கேசிங். முன்பக்கம் கண்ணாடி போட்டது வேண்டாம், வலை போட்டது எடுங்கோ. முன்னால ரெண்டு ஃபான் உள்ளுக்கு, பின்னால ஒண்டு வெளிய. உள்ளுக்கு வாறது கூட இருந்தால் காத்து வலையாலதான் வரும், தூசு வலையில நிக்கும். வெளிய போறது கூட எண்டால் எல்லா இடுக்காலயும் தூசை இழுக்கும். சோளகம் வீசிற மாசங்களில செம்மண் தூசு ரெண்டு கிழமையில வலையை அடைக்கும். கழுவலாம், ஆனால் கிணத்துத் தண்ணி காய்ஞ்சால் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படிஞ்சு ஓட்டையை மூடும், துணியால ஒத்தி எடுங்கோ. மழைத்தண்ணி கிடந்தால் இன்னும் நல்லம். நல்லாய்க் காயாமல் பூட்டக் கூடாது.

புளோவரால ஊதேக்க ஃபானை விரலால பிடியுங்கோ. சுத்தவிட்டால் பெயரிங் போகும்.

பாவிக்காத சிலொட் தகடுகளைக் கழட்டி எறியாதேங்கோ. பல்லி அந்த ஓட்டையாலதான் போகும், பவர் சப்ளைச் சூட்டுக்குப் போய்ப் படுத்து ரெண்டு முனையையும் தொட்டால் அதுவும் போச்சு, மெசினும் போச்சு. எறும்பும் அப்பிடித்தான். மேசையில சாப்பிடாதேங்கோ. கன ரசீதுகளில களிம்பு, எரிஞ்ச அடையாளம், பூச்சி எண்டால் வாரன்டி இல்லை எண்டு அடிச்சிருக்கும். ஒரு வருசம் எண்டால் 350 நாள் எண்டும் இருக்கும், வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ.

பருத்தித்துறை · 2 மாசி, இரவு 9.00

வெக்கைக்கு இன்னொரு வழி: பிரேமை 60 இல கட்டிவிடுங்கோ. மொனிற்றர் 60 ஹேர்ட்ஸ்தான், 90 பிரேம் செய்து காட் சுடுறதில உங்களுக்கு ஒண்டும் தெரியப் போறதில்லை. காட்டின்ர வோல்ற்றையும் 25 மில்லிவோல்ற் 25 மில்லிவோல்ற்றாய் இறக்கிப் பாக்கலாம். கேம் விழுந்தால் ஒரு படி திரும்ப ஏத்துங்கோ. வேகம் குறையாமல் சூடு இறங்கும்.

அரியாலை · 3 மாசி, காலை 7.00

அம்மா கரண்ட் பில் கேக்கிறா.

சுன்னாகம் · 3 மாசி, காலை 7.45

மொனிற்றரோட 300 வொட், நாளுக்கு நாலு மணித்தியாலம் எண்டால் 1.2 யூனிற், மாசத்துக்கு 36. யூனிற் கட்டணப் படி 60, 90, 120, 180 எண்டு ஏறும், இப்ப நீங்கள் எங்க நிக்கிறியள் எண்டு போன மாசப் பில்லில பாருங்கோ. 85 இல நிக்கிற வீடு 121 க்குப் போனால் ரெண்டு படி ஏறும், அந்த 36 யூனிற்றின்ர காசோட அதுவும் உறைக்கும். 60 இல பிரேமைக் கட்டினால் இந்த 300 உம் இறங்கும்.

யூபிஎஸ் 650 விஏ எண்டால் 360 வொட் அளவுதான். கேம் ஓடேக்க கரண்ட் போனால் சேமிச்சு நிப்பாட்டத்தான் நேரம் தரும், விளையாட இல்லை.

கொக்குவில் · 9 மாசி, இரவு 8.30

எஸ்எஸ்டி ஒருத்தரும் கதைக்கேல்ல. இப்பத்தைய பெரிய கேம் ஒண்டு 100, 150 ஜிபி. 500 ஜிபி எடுத்தால் விண்டோசோட மூண்டு கேம்தான். 1 ரீபி என்விஎம்ஈ (நேரே போட்டில பூட்டுற வேகமான எஸ்எஸ்டி) எடுங்கோ, உள்ளுக்க தனி டிராம் மெமரி இல்லாத மலிவானதும் கேமுக்குக் காணும். பழைய ஹாட் டிஸ்க்கில கேம் போட்டால் காட் எவ்வளவு நல்லதெண்டாலும் இழுபடும்.

டேற்றா மிச்சம் பிடிக்க: ஸ்ரீமில நீங்கள் வாங்கின கேமைச் சிநேகிதர் ஏற்கெனவே இறக்கியிருந்தால், அவரின்ர ஸ்ரீம்ஆப்ஸுக்குள்ள கொமன் எண்ட ஃபோல்டரில அந்தக் கேமின்ர ஃபோல்டரை அப்பிடியே வெளி டிஸ்க்கில எடுத்து, உங்கட மெசினில அதே இடத்தில போட்டிட்டு இன்ஸ்ரோல் அமத்துங்கோ. இருக்கிற கோப்புகளைச் சரிபாத்து, குறையிறதை மட்டும் இறக்கும்.

அரியாலை · 22 மாசி, இரவு 10.05

கட்டியாச்சு. 12400எஃப், எச்610, 8 ஜிபி ரெண்டு 3200, பாவிச்ச 3060 12 ஜிபி, 1 ரீபி, நல்ல 550 வொட். சோதினை எல்லாம் செய்துதான் எடுத்தது. மூடின அறையில காட் 74 பாகை. ஏர்த் சரியாக்கியாச்சு, சுள் இல்லை. ஒண்டு மட்டும்: ராஸ்க் மனேஜரில றாம் 2666 எண்டு காட்டுது.

மானிப்பாய் · 22 மாசி, இரவு 10.20

மெசின் போடேக்க டிலீற் அமத்திக்கொண்டு பயோசுக்குள்ள போங்கோ. றாமை அதில எழுதின வேகத்தில ஓடவிடுற எக்ஸ்எம்பி எண்டு இருக்கும், புரொஃபைல் 1 தெரிவு செய்து எஃப்10. எழும்பேல்ல எண்டால் பயப்பிடாதேங்கோ, பிளக்கைக் கழட்டி, போட்டில இருக்கிற வட்ட பற்றியை அஞ்சு நிமிசம் எடுத்துப் பூட்டினால் பழைய நிலைக்கு வரும்.

அரியாலை · 22 மாசி, இரவு 10.41

3200.